புட்டியில் ஒட்டியிருந்த பெயர்

காயில்காரருக்குத் தம்பி மனைவியிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்லுவார். “வாசக் கதவு தாழ் போட்டாச்சான்னு தெரியலையே” என்பார் கடிகாரத்திடம். உள்ளேயிருந்து, “போட்டாச்சு மாமா” என்று பதில் வரும். கடிகாரத்துக்குத் தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து இப்படித்தான். சண்டையா, மனஸ்தாபமா என்று கேட்டுவிடாதீர்கள். ஒன்றும் கிடையாது. கூச்சம், அவ்வளவுதான்.

அந்தக் கூச்சம் அவரோடு கூடப்பிறந்தது. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய செப்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் காயில் கட்டுகிற வேலை அவருக்கு, அதனால்தான் ஊருக்கு அவர் காயில்காரர். பட்டறையில் தினமும் வார்னிஷ் வாசனைக்கு நடுவே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். உதடு மட்டும் அசையும். சுற்றுகளை எண்ணுகிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் யார் வந்து பேசினாலும் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். இப்படி ஆளைப் பார்க்காமலே ஆளை நிறுத்தி வைக்க முடிந்ததால்தான் அவருக்கு அந்த வேலை பிடித்திருந்ததோ என்னவோ.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் பள்ளிக்கூடப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பட்டறைக்குப் போனவர்தான். தம்பிக்குச் சோறு பொங்கினார், தலை வாரிவிட்டார், காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவருக்குப் பெண் கொடுக்க வந்தவர்களிடம், “இவன் ஒரு நிலைக்கு வரட்டும், பார்க்கலாம்” என்றார். தம்பி ஒரு நிலைக்கு வந்தான், ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான், கல்யாணமும் செய்துகொண்டான். அதற்குள் அண்ணனின் காதோரம் வெளுத்துப்போயிருந்தது. கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. ஒரு பெண்ணோடு எப்படிப் பேசுவது என்று அவர் கற்றுக்கொள்ள வாய்ப்பே வரவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் தலையில்தான் விதி அந்தப் பொறுப்பைக் கொண்டுவந்து வைத்தது.

தம்பி மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. தெருக்கோடியில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. அழக்கூடத் தெம்பில்லாத குழந்தை. காயில்காரர் எட்ட நின்று ஒரே ஒரு தரம் பார்த்தார். தன் உள்ளங்கையில் அதன் முதுகு முழுவதும் அடங்கிவிடும் என்று தோன்றியது. அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் குறைமாதக் குழந்தைகளுக்கான ஐசியு இருக்கிறது, உடனே கொண்டுபோக வேண்டும் என்றார்கள். தம்பி குழந்தையோடு அந்த வண்டியில் ஏறிப் போனான். தாய்க்குத் தையலோடு சேர்ந்து காய்ச்சலும் கண்டுவிட்டதால் அவளை அசைக்கக் கூடாது என்று இங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். துணைக்கு அவளுடைய அம்மா வந்திருந்தாள். அந்தச் சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் பிடிப்பு. கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் நடப்பதற்குள் மூன்று தெய்வங்களைக் கூப்பிடுவாள்.

அதற்கு மறுநாள் விடியற்காலையில் தம்பியிடமிருந்து போன் வந்தது. குழந்தையின் வயிறு பாலைத் தாங்கும் போலிருக்கிறது, இன்றைக்கு முதல் முதலாகக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், பெற்றவள் பாலாக இருந்தால் அது பாலல்ல, மருந்து என்கிறார் என்று மூச்சுவிடாமல் சொன்னான்.

“இங்க இருந்து நான் நகர முடியாதுண்ணே. எந்த நேரத்துல என்ன கேட்பாங்களோ தெரியாது. நீதான் எடுத்துட்டு வரணும்.”

“நானா?” என்றார் அண்ணன்.

சின்ன ஆஸ்பத்திரியின் வராந்தாவில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவுக்குப் பின்னால் நர்ஸின் குரல் கேட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, வரும், வரும் என்று தேற்றிக்கொண்டிருந்தாள். நடுநடுவே தம்பி மனைவி வலி பொறுக்காமல் முனகினாள். காது இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள முடிந்தால் காயில்காரர் அதைச் செய்திருப்பார். அவ்வளவு சங்கடம். பக்கத்து அறை வாசலில் உட்கார்ந்திருந்த ஆள் இவரைப் பார்த்துச் சிரித்ததுகூட, விஷயம் தெரிந்துதான் சிரிக்கிறானோ என்று பட்டது.

கடைசியில் கதவு திறந்தது. நர்ஸ் ஓர் ஐஸ் டப்பாவை நீட்டினாள். சின்னப் பெண்தான், ஆனால் பேச்சில் கண்டிப்பு இருந்தது. மூடியைத் திறந்து காட்டினாள். ஐஸ் பைகளுக்கு நடுவே ஒரு சின்னப் புட்டி. அடிப்பாகத்தை மட்டும் நனைத்துக்கொண்டு மஞ்சளாக ஏதோ இருந்தது.

“இவ்வளவுதானேன்னு நினைக்காதீங்க. விடிஞ்சதுலேர்ந்து போராடி எடுத்தது. வழியில எங்கேயும் நிக்காதீங்க. நேரா கொண்டுபோய் ஐசியு சிஸ்டர் கையிலதான் கொடுக்கணும்” என்றாள். பிறகு புட்டியைத் திருப்பி அதில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளைக் காட்டினாள். தாயின் பெயர், அதற்குக் கீழே குழந்தை என்ற ஒரு வார்த்தை. “அங்க எத்தனையோ குழந்தைங்க இருக்கு. இன்னும் யாருக்கும் பேர் வைக்கல. இப்போதைக்கு உங்க வீட்டுக் குழந்தைக்கு இதுதான் பேர்.”

காயில்காரர் தலையாட்டினார். வெடிகுண்டை வாங்குகிறவர் போல டப்பாவை வாங்கிக்கொண்டு படி இறங்கினார்.

தெருமுனைக்கு வந்ததும் பஸ் வந்துவிட்டது. அது நல்ல சகுனம் என்று நினைத்து ஏறினார். ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. டப்பாவை மடியில் வைத்து அதன் மேல் துண்டைப் போட்டு மூடினார். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் ஒரு பருத்த உடம்பு அவரை ஜன்னலோடு சேர்த்து நசுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

“அடடே, காயில்காரரா? என்ன, கடையைப் போட்டுட்டு ஊர் சுத்தக் கிளம்பியாச்சு?”

மாவு மில்காரர். அவருடைய மில் மோட்டார் அடிக்கடி எரிந்துபோகும். இவர்தான் கட்டிக் கொடுப்பார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் வாயில் விழுந்த விஷயம் மாவாகி நாலு தெருவுக்கும் பறந்துவிடும். மில் சத்தத்திலேயே வாழ்ந்த பழக்கத்தில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார். அவர் கண் துண்டின் மேல் விழுந்தது.

“மடியில என்ன? பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க?”

இந்த இடத்தில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. தம்பி குழந்தைக்குப் பால் கொண்டுபோகிறேன் என்று சொன்னால் யார் என்ன செய்துவிடுவார்கள்? ஆனால் காயில்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தம்பி மனைவியின் பால். தன் மடியில். இதை மில்காரர் அந்தக் குரலில் திருப்பிக் கேட்டால் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். சாயங்காலமே பட்டறைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நினைத்தபோதே அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

“மருந்து” என்றார். “சர்க்கரைக்கு. ஊசி மருந்து. ஐஸ்ல வைக்கணுமாம்.”

“உங்களுக்குச் சர்க்கரையா?” என்று மில்காரர் கத்திய கத்தலில் முன் சீட்டுக்காரர் திரும்பினார். அவ்வளவுதான். பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை இருந்தது, இல்லாதவர்களுக்கு அதைப் பற்றிய ஞானம் இருந்தது. சோற்றைக் குறை என்றார் ஒருவர். காலில் செருப்பில்லாமல் நடக்காதே என்றார் இன்னொருவர். கல்யாணம் ஆகாதவருக்கே சர்க்கரை வந்துவிட்டதே, அப்புறம் எங்களுக்கு வராமல் இருக்குமா என்று மில்காரர் ஒரு நகைச்சுவையை எடுத்துவிட, எல்லோரும் சிரித்தார்கள். காயில்காரரும் சிரித்துவைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம் அந்த மனுஷர். “எனக்கும் ஊசிதான். உங்களுக்கு எந்த மருந்து எழுதியிருக்காங்க, காட்டுங்க பார்ப்போம்” என்று துண்டை விலக்கி டப்பா மூடியில் கை வைத்துவிட்டார்.

“இருங்க, நானே எடுக்கறேன்” என்று காயில்காரர் பதறிப்போய்க் கையை உள்ளே விட்டார். புட்டி ஈரமாக இருந்தது. தாள் ஊறிப்போயிருந்தது. அதில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது, குழந்தை என்று இருக்கிறது. அதை இந்த ஆள் படித்தால்? டப்பாவுக்குள்ளேயே கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு தேய்ப்பு. சுருண்டு உருண்டையாகி உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. எவ்வளவு நுணுக்கமான கம்பியையும் அறுக்காமல் சுற்றிப் பழகிய விரல். அன்றைக்கு அது செய்த வேலை இது.

புட்டியை முஷ்டிக்குள் மறைத்து மூடியை மட்டும் வெளியே காட்டினார். “ரொம்பச் சின்னதா இருக்கே” என்றார் மில்காரர் ஏமாற்றத்தோடு. அடுத்த நிறுத்தத்தில் இறங்கியும் போனார். காயில்காரர் கையைத் தொங்கவிட்டு அந்த ஈர உருண்டையைக் கீழே நழுவவிட்டார். செருப்புக் காலால் அதை மிதித்துக்கொண்டார். தப்பித்தோம் என்று மூச்சுவிட்டார். ஆமாம், அந்த நிமிஷம் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பின்னாளில் அவரை வாட்டி எடுத்தது அந்த நிம்மதிதான்.

ஐசியு வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். முகத்தில் தாடி, கண்ணில் தூக்கமின்மை. டப்பாவைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைபோல ஓடி வந்தான். “வந்துட்டியாண்ணே! சிஸ்டர், பால் வந்துடுச்சு சிஸ்டர்” என்று கண்ணாடிக் கதவைத் தட்டினான்.

முகக்கவசம் போட்ட சிஸ்டர் வெளியே வந்து டப்பாவைத் திறந்தாள். புட்டியை ஒரு பக்கம் திருப்பினாள். மறுபக்கம் திருப்பினாள். ஐஸ் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்த்தாள்.

“லேபிள் எங்க?”

காயில்காரர் ஓர் அடி முன்னால் வந்தார்.

“எங்களுதுதான் சிஸ்டர். நானேதான் வாங்கிட்டு வந்தேன். கையை விட்டு இறக்கவே இல்ல” என்றார்.

சிஸ்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். உள்ளே இருக்கிற குழந்தைகளெல்லாம் நூலிழையில் தொங்கிக்கொண்டிருக்கிறவை, ஒருத்தி பாலை இன்னொருத்தி குழந்தைக்குத் தெரியாமல்கூடக் கொடுத்துவிடக் கூடாது, பெயர் இல்லாமல் வந்த பாலை யார் கொண்டுவந்தாலும் நாங்கள் தொட முடியாது, சொந்த அப்பா கொண்டுவந்தாலும் இதேதான் என்று பொறுமையாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே மூலையில் இருந்த கைகழுவும் தொட்டிக்கு நடந்தாள். மூடியைத் திறந்தாள். கவிழ்த்தாள். கொஞ்சம்தானே இருந்தது, ஒரு மஞ்சள் கோடாக இறங்கிப் போய்விட்டது. குழாயைத் திறந்து தண்ணீரும் விட்டாள்.

தம்பி அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகத் திரும்பினான்.

“எப்படிண்ணே லேபிள் போச்சு?”

காயில்காரரின் பட்டறைக்கு எரிந்த மோட்டாரோடு வருகிறவர்கள் எல்லோரும் பொய்தான் சொல்லுவார்கள். சும்மாதான் ஓடிச்சு, திடீர்னு நின்னுடுச்சு என்பார்கள். கருகியிருக்கிற இடத்தைப் பார்த்தாலே அவருக்குக் காரணம் தெரிந்துவிடும். இவர்களெல்லாம் ஏன் இப்படிப் பொய் சொல்லுகிறார்கள் என்று மனதுக்குள் இளப்பமாக நினைத்துக்கொள்வார். இப்போது அவர் வாயிலிருந்து அதே மாதிரி ஒன்று, அதே சுரத்தில் வந்தது.

“ஐஸ் ஈரத்துல தானா பிஞ்சி போயிருக்கும்டா. சரியா ஒட்டல போல.”

தம்பிக்குக் கோபத்தைக் கொட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அண்ணனை அவன் சந்தேகிக்கவே இல்லை, அவன் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு பழக்கமே இல்லை. போனை எடுத்துச் சின்ன ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுக் கத்தினான். ஒரு லேபிள் ஒட்டத் தெரியாதா, நீங்களெல்லாம் நர்ஸா என்று கேட்டான். அடுத்து மாமியாருக்குப் போன் போட்டு அதையே சொன்னான். அண்ணன் பக்கத்தில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவனைத் தடுக்க இடது கையைத் தூக்கினாலே போதும். கை மடியிலேயே கிடந்தது.

டாக்டர் சாயங்காலம் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இன்னொரு தரம் கொண்டுவந்தால் இன்றைக்கே தொடங்கலாம். காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு காயில்காரர் திரும்பி வந்தார்.

வராந்தாவில் அந்தச் சின்ன நர்ஸ் கண் சிவந்து நின்றாள். பெரிய நர்ஸ் அவளை நன்றாகக் கடிந்துகொண்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. இவரைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்பந்தியம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே எதிரே வந்து, மகள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, இனிமேல் பால் எடுக்கவே மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்கள் மேல் அவளுக்கு மரியாதை உண்டு என்றாள். சொல்லிவிட்டு அவரை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

தம்பி மனைவி இவர் வந்தது தெரிந்து சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

“அந்த நர்ஸ் பொண்ணை யாரும் திட்ட வேண்டாம்னு உங்க தம்பிகிட்ட சொல்லுங்க மாமா. லேபிளை ஒட்டினது அவ இல்ல. நான்தான் கேட்டு வாங்கி, என் கையால எழுதி ஒட்டினேன்.”

காயில்காரர் காலி டப்பாவைக் கீழே வைத்தார்.

“ஏதாவது ஒண்ணாவது நான் செய்யணும்னு ஆசையா இருந்துச்சு. தூக்க முடியல, தொட முடியல, முகத்தைக்கூடச் சரியா பார்க்கல. பேராவது ஒட்டுவோம்னு ஒட்டினேன்.” அவள் விசும்பினாள். “வயித்துல பத்து மாசம் வச்சுக்கத் துப்பில்லாதவ. ஒரு காகிதத்தைப் புட்டியில நிக்க வைக்கக்கூட என் கைக்கு வக்கில்ல. என்கிட்ட எதுவுமே ஒட்டாது மாமா. விட்டுடுங்க. வேற பால் கொடுக்கச் சொல்லுங்க. நான் தொட்டது எதுவும் அதுக்குப் போக வேண்டாம்.”

தாயென்று ஒருத்தி தன்னைத் தானே இப்படிச் சபித்துக்கொள்வதைக் கேட்க எந்தக் காதுதான் தாங்கும்? அதிலும் அந்தச் சாபத்துக்குக் காரணமானவன் அதே அறையில் நிற்கும்போது? ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. பஸ்ஸில் மிதிபட்ட தாள் இந்நேரம் குப்பையோடு குப்பை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், காலம் முழுக்க அவர் நல்ல அண்ணன்தான், பெரிய மனுஷர்தான்.

அவர் கண் சுவரில் மேலும் கீழும் அலைந்தது. கடிகாரத்தைத் தேடியது. அந்த அறையில் கடிகாரம் இல்லை. காலண்டர்கூட இல்லை. கட்டில், ஒரு ஸ்டூல், அதன் மேல் மூடி வைத்த தண்ணீர். பேசுவதென்றால் அவளிடம்தான் பேச வேண்டும்.

“அம்மாடி,” என்றார். “இப்படித் திரும்பு.”

அவள் திரும்பினாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தை அவர் அன்றுதான் பார்த்தார்.

“நீ ஒட்டினது நல்லாத்தான் ஒட்டியிருந்துச்சு. நான்தான் உரிச்சேன்.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். மில்காரர், சர்க்கரை, ஊசி மருந்து, டப்பாவுக்குள் விட்ட கை, கட்டை விரல் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. செருப்பால் மிதித்ததை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். அதையும் சொன்னார்.

“உன் பேரு வெளிய தெரிஞ்சா கேவலம்னு நினைச்சேன். நான்தான் கேவலம்” என்றார்.

அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. அது நின்ற விதம் அவருக்குப் பயமாக இருந்தது.

“அந்த மில்காரர் நமக்கு என்ன உறவு மாமா?” என்று கேட்டாள்.

“ஒரு உறவும் இல்ல.”

“என் பிள்ளை?”

தம்பியைத் தூக்கி வளர்த்த மனுஷர், அந்தத் தம்பியின் இரத்தத்தைப் பற்றிக் கேட்ட கேள்வியில் உடம்பு குறுகிப்போனார். தலையில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினார். “அதெல்லாம் வேண்டாம்” என்றாள் அவள் வறட்சியாக. “அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. அவகிட்டயும் இதைச் சொல்லுங்க. சொல்லிட்டு வெளிய இருங்க. நான் மறுபடியும் எடுத்துப் பார்க்கறேன்.”

அவர் வராந்தாவுக்கு வந்து நர்ஸ் முன்னால் நின்றார். சம்பந்தியம்மாவின் காதில் விழும் என்று தெரிந்தே சொன்னார். சின்ன நர்ஸ் கேட்கக் கேட்க முதலில் கோபப்பட்டாள், அப்புறம் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“சர்க்கரை மருந்துன்னே சொன்னதா இருக்கட்டும் சார். மருந்துப் புட்டியிலயும் லேபிள் இருக்குமே. அதை ஏன் உரிச்சீங்க?”

அந்த யோசனை அவருக்குத் தோன்றவே இல்லை. சம்பந்தியம்மா மட்டும், “கூச்சப்பட்டாராம் கூச்சம்” என்று முணுமுணுத்தாள். அதற்கப்புறம் அன்று முழுக்க அவர் பக்கமே அவள் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து மறுபடி அந்த முனகல் கேட்டது. இந்தத் தடவை காயில்காரர் காதை மூடிக்கொள்ள நினைக்கவில்லை. இதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் தனக்கான தண்டனை என்பதுபோல நின்றார். காலையில் வந்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது. நர்ஸ் புட்டியை மூடி வெளியே கொண்டுவந்தாள். கூடவே ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும்.

“நீங்களே எழுதணுமாம். அவங்க சொல்லச் சொன்னாங்க.”

அவர் தன் வாயால் ஒரு தரம்கூடச் சொல்லாத பெயர் அது. ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கீழே குழந்தை என்று எழுதினார். ஒட்டினார். அதன் மேல் நர்ஸ் கொடுத்த பிளாஸ்திரியைச் சுற்றினார். போதும் சார் என்று அவள் சொன்ன பிறகும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

பஸ்ஸில் மடி மேல் துண்டு போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர் டப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாரா? அவருக்கே அது நிச்சயமில்லை. அது தெரியாமலே போனதும் அவருக்கு ஒரு குறையாகத்தான் இருந்தது.

சிஸ்டர் புட்டியைத் திருப்பிப் படித்தாள், தலையசைத்தாள், உள்ளே எடுத்துப் போனாள். தம்பி நிம்மதியோடு அண்ணனின் தோளில் கை வைத்தான். அந்தக் கையின் பாரத்தை அவரால் தாங்க முடியவில்லை. அங்கேயே, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும், லேபிளை எழுதி ஒட்டியது அவன் மனைவிதான் என்பதையும், சொல்லிவிட்டார்.

தோளில் இருந்த கை மெல்ல இறங்கியது.

தம்பி கத்தவில்லை. காலையில் யார் யாரிடமோ கத்தினவன், இப்போது வெறுமனே அண்ணனைப் பார்த்தான். அப்பா இடத்தில் வைத்திருந்த முகத்தை யாரோ மாற்றி வைத்துவிட்டதுபோலப் பார்த்தான். “காலையிலேயே சொல்லியிருக்கலாமேண்ணே” என்றான் கடைசியில். “ஒட்டத் தெரியாதான்னு நான் என் பொண்டாட்டியைத்தானே திட்டியிருக்கேன்.” அவன் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு அப்பால் போய் நின்றான்.

உள்ளே கண்ணாடிப் பெட்டியில், குழந்தையின் வாய் வழியே மூச்சுக் காற்றைவிட மெல்லிய ஒரு குழாய் வயிற்றுக்குள் போயிருந்தது. அப்பா வரலாம் என்று சிஸ்டர் கூப்பிட்டாள். தம்பி உள்ளே போனான். வழக்கமாக அண்ணனைத் திரும்பிப் பார்த்து, வரட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எங்கேயும் போவான். அன்றைக்குக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற காயில்காரருக்குத் தம்பியின் முதுகு மட்டும் தெரிந்தது. ஓர் அடி நகர்ந்து நின்றால் குழந்தையும் தெரியும், குழாயில் இறங்குகிற மஞ்சள் சொட்டும் தெரியும். அவர் நகரவில்லை. அதைப் பார்க்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தார். தம்பியின் தோள்கள் குலுங்கியதிலிருந்து, பால் இறங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. வாரக்கணக்கில் அந்த வழியில் அவர்தான் பால் சுமந்தார். தாய் தேறி எழுந்து பெரிய ஆஸ்பத்திரிக்கே போய் உட்காரும் வரை ஒரு நாள்கூட அந்தப் புட்டி பெயரில்லாமல் போகவில்லை. பட்டறையில் அவருக்குச் சர்க்கரை போடாத டீதான் வந்தது, மில்காரர் உபயம். காயில்காரர் அதைத் திருத்தவில்லை. வாய் கசக்கக் கசக்கக் குடித்தார்.

அவள் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு ஒரு மாற்றம் வந்தது. தம்பி மனைவி இப்போது அவரிடம் நேராகப் பேசினாள். “மாமா, டப்பா ரெடி, கிளம்புங்க” என்பாள். “மாமா, சாப்பிட்டுப் போங்க, மயக்கம் போட்டு விழுந்து வைக்காதீங்க” என்பாள். அவரும் அவள் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். ஆனால் மன்னித்தேன் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தம்பி பழையபடி ஆக இன்னும் கொஞ்சம் நாள் பிடித்தது. பழையபடி ஆனானா என்பதும் அண்ணனுக்குச் சந்தேகம்தான்.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் பார்க்க ஆட்கள் வந்து கூடத்தில் நிறைந்திருந்தார்கள். சம்பந்தியம்மா மனசு ஆறிப்போயிருந்தாள், அல்லது வந்தவர்கள் முன்னால் குடும்பத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. காயில்காரரைக் காட்டி, இவர் மட்டும் இல்லையென்றால் இந்தப் பிள்ளை ஏது, வெயிலிலும் மழையிலும் பஸ்ஸில் பாலைச் சுமந்து உயிர் கொடுத்தவர், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மூத்தவர் யாருக்குக் கிடைப்பார் என்று ஆரம்பித்தாள். வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் குலுக்கியது அந்தக் கட்டை விரல் இருந்த கையைத்தான். காயில்காரருக்கு முகம் வெளிறியது. ஐயோ, இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். கண் தானாகத் தம்பி மனைவியைத் தேடியது.

அவள் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சாதாரணமாக, “மாமா, வெந்நீர் கொதிச்சிருக்கும். போய் அடுப்பை அணைச்சுட்டு வந்துடுங்க” என்றாள்.

அவர் கையை உருவிக்கொண்டு சமையலறைக்குள் விரைந்தார். அடுப்பின் மேல் ஒன்றும் இல்லை. அடுப்பே பற்றவைக்கப்படவில்லை.

கூடத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பி, வந்தவர்கள் விடைபெற்றுப் போய், வாசல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கிற வரைக்கும் அவர் அந்த அடுப்பின் முன்னால் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார்.